ஆஸ்கார் விழாவும் பரிசில் நீட்டித்தலும்

புறநானூற்றைப் பயில்வோர் 'பரிசில்' என்னும் சொல்லைப் பல துறைகளிற் காண்பர். பரிசில் வேண்டி நிற்றல் ஒரு நிலை. பெற்று விடைகொள்ளுதல் ஒரு நிலை. கொடுப்போன் காலங்கடத்தும்போது புலவன் உள்ளம் நோதல் மற்றொரு நிலை. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது, ஔவையார் வாயிற்காவலனை விளித்துப் பாடிய பாட்டைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். கற்றவனுக்கு எத்திசைச் செல்லினும் சோறு உண்டு என்பதை மன்னன் செவியிற் படுமாறு கூறிவிட்டு, அவர் தம் பையைச் சுருக்கிக் கட்டிப் புறப்படத் துணிந்தார். பரிசின் வரலாற்றில் காலத்தாழ்வு என்பது எத்துணைப் பழைய குற்றம் என்பதற்கு அப்பாட்டே சான்று.

பரிசு வழங்குவோர் செய்யக்கூடிய பிழைகள் இரண்டு. ஒன்று, ஆள் மாறிக் கொடுத்தல். மற்றொன்று, காலம் மாறிக் கொடுத்தல். முதலாவது அவையோரைச் சிரிக்கவைக்கும். இரண்டாவது அவையோர் கண்ணுக்கே புலப்படாது. இவ்விரு பிழைகளையும் ஒருங்கே காண விரும்புவோர்க்கு அமெரிக்க நாட்டின் ஆஸ்கார் திரைப்பட விருது விழாவைப் போன்றதோர் அரங்கம் வேறில்லை. ஹாலிவுட்டில் மாலைப்பொழுது, மலேசியாவில் மறுநாட் காலை. பட்டும் வைரமும் அணிந்து செங்கம்பளத்தில் நடப்போரை, பசியாறிக்கொண்டே தொலைக்காட்சியிற் காணும் பார்வையாளர் ஒருவர் அவ்விழாவைப் பெரிதும் சிரித்துக்கொண்டுதான் பார்ப்பார். அச்சிரிப்பில் தவறில்லை. ஆனால் எதைக் கண்டு சிரிக்கிறோம், எதைக் காணாமல் விடுகிறோம் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பயன் தரும்.

தோற்றமும் பெயரும்

இன்று உலகமே உற்றுநோக்கும் இவ்விழா, எளிய ஒரு விருந்தாகவே தொடங்கிற்று. 1927ஆம் ஆண்டில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான லூயி பி. மேயரின் முயற்சியால், 36 பேர் கூடித் திரைப்படக் கலை அறிவியல் கழகத்தை நிறுவினர். கலையை வளர்ப்பதொன்றே அவர்தம் நோக்கமன்று. படப்பிடிப்பு நிலையங்களில் தொழிற்சங்கங்கள் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொண்டால் தனிச்சங்கம் எதற்கு என்பது மேயரின் கணக்கு. பரிசளிப்பு என்னும் எண்ணம் அக்கணக்கின் ஓரத்தில் எழுந்த துணை எண்ணமே. ஓரத்தில் எழுந்தது நிலைத்தது; நடுவில் இருந்த கணக்கு பொய்த்தது. சங்கங்கள் வளர்ந்தன. 1936ஆம் ஆண்டு விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசு டட்லி நிக்கல்ஸ் என்பவர்க்கு அறிவிக்கப்பட்டபோது, எழுத்தாளர் சங்கத்தின் பக்கம் நின்று அவர் அதனை ஏற்க மறுத்தார். ஆஸ்கார் பரிசை முதன்முதல் மறுத்தவர் அவரே.

முதல் விழா 1929ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ஹாலிவுட் ரூசவெல்ட் விடுதியில் நடைபெற்றது. வந்தோர் ஏறத்தாழ 270 பேர். நுழைவுச்சீட்டின் விலை 5 டாலர். பரிசளிப்பு 15 நிமிடத்தில் முடிந்தது. வெற்றி பெற்றோர் யார் என்பது மூன்று திங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தமையால், நெஞ்சு படபடக்க வேண்டிய தேவை எவர்க்கும் இருந்ததில்லை. சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்ற எமில் ஜானிங்ஸ் ஐரோப்பாவுக்குத் திரும்பவேண்டியிருந்ததால், விழாவுக்கு முன்பே தம் சிலையைப் பெற்றுக்கொண்டு சென்றுவிட்டார். பேசும் படமாகிய 'ஜாஸ் சிங்கர்' ஊமைப்படங்களோடு போட்டியிடுவது முறையன்று எனக் கருதப்பட்டுச் சிறந்த படத்திற்கான போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அதனைத் தயாரித்த நிறுவனத்திற்குச் சிறப்புப் பரிசு தனியே அளிக்கப்பட்டது. வருங்காலம் வாயிலில் வந்து நின்று வாய்திறந்து பேசியபோது, நீ பேசுகிறாய் ஆகையால் வெளியே நில் என்று சொன்னதை ஒத்தது அது.

செட்ரிக் கிப்பன்ஸ் வரைந்த வடிவை ஜார்ஜ் ஸ்டான்லி சிலையாக்கினார். வாளேந்திய வீரனொருவன் படச்சுருளின்மேல் நிற்கிறான். உயரம் 34 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதி. எடை 4 கிலோவுக்குச் சற்றே குறைவு. பரிசு பெற்றோர் மேடையில் முதலிற் கூறுவது, எதிர்பார்த்ததைவிட இது கனமாக இருக்கிறது என்பதே. இரண்டாம் உலகப்போரின்போது உலோகத்தட்டுப்பாட்டால் மூன்று ஆண்டுகள் சிலை சுண்ணச்சாந்தினாற் செய்யப்பட்டது. போர் முடிந்தபின் அவை பொன்முலாம் பூசிய உலோகச் சிலைகளாக மாற்றிக் கொடுக்கப்பட்டன.

'ஆஸ்கார்' என்னும் பெயருக்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. கழகத்தின் நூலகர் மார்கரெட் ஹெரிக் சிலையைக் கண்டு, தம் உறவினர் ஆஸ்காரைப்போல் இருக்கிறதே என்றாராம். ஆங்கிலத்தில் அவ்வுறவைக் குறிக்கும் சொல் மாமனையும் சிற்றப்பனையும் பிரித்துக் காட்டாமையால், அவர் எம்முறை உறவினர் என்பது தமிழர்க்கு இன்றளவும் விளங்காத புதிர். நடிகை பெட்டி டேவிஸ் தம் கணவர் பெயரின் ஒரு பகுதியே அது என்றார். செய்தியாளர் சிட்னி ஸ்கால்ஸ்கி தாமே சூட்டிய பெயர் என்றார். ஒரு குழந்தைக்கு மூவர் பெயர் சூட்டியதாகக் கூறுவது புகழ் பெற்ற குடும்பங்களில் மட்டுமே நிகழும். 1939ஆம் ஆண்டில் கழகம் அப்பெயரை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

உறையின் கதை

விழாவில் நகைச்சுவைக்கு ஊற்றாக விளங்குவது ஓர் எளிய காகித உறையே. தொடக்க காலத்தில் உறை இல்லை. முடிவுகளை முன்கூட்டியே நாளிதழ்களுக்கு அளித்து, இரவு விழா முடியும் வேளையில் வெளியிடுமாறு கழகம் கேட்டுக்கொள்ளும். 1940ஆம் ஆண்டில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' தன் மாலைப்பதிப்பிலேயே முடிவுகளை அச்சிட்டுவிட்டது. விருந்துக்கு வந்துகொண்டிருந்தோர் தம் வெற்றியையும் தோல்வியையும் வழியிலேயே காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாயினர். அடுத்த ஆண்டு முதல் முத்திரையிட்ட உறை நடைமுறைக்கு வந்தது. கமுக்கம் காக்கப்படாமையால் கமுக்கம் பிறந்தது எனலாம்.

உறை வருவதற்கு முன்பே பெயர்க்குழப்பம் வந்துவிட்டது. 1934ஆம் ஆண்டு விழாவை நடத்திய வில் ரோஜர்ஸ், சிறந்த இயக்குநரின் பெயரை முழுமையாகக் கூறாமல், பிராங்க் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று நட்புரிமையோடு அழைத்தார். பிராங்க் காப்ரா எழுந்து மேடையை நோக்கி நடந்தார். ஒளிவிளக்கோ அரங்கின் மறுபக்கம் இருந்த பிராங்க் லாயிடின்மேல் விழுந்தது. காப்ரா திரும்பித் தம் மேசைக்குச் சென்ற வழியைத் தம் வாழ்வின் மிக நெடிய வழியாக நினைவுகூர்ந்தார். அடுத்த ஆண்டே அவர் 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' படத்திற்காக அப்பரிசைப் பெற்றார் என்பது ஆறுதல். முழுப்பெயர் கூறாமல் அழைப்பதனால் விளையும் தீங்கினை, ஒரே வகுப்பில் மூன்று முருகன்களை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் நன்கறிவார்.

ஏறத்தாழ 83 ஆண்டுகள் கழித்து அக்குழப்பமே பெருவடிவம் கொண்டது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், விழாவின் உச்சமாகிய சிறந்த படத்திற்கான பரிசை அறிவிக்க வாரன் பீட்டியும் பே டனவேயும் வந்தனர். மேடையின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு பரிசுக்கும் ஒவ்வோர் உறையென இரண்டு தொகுதிகள் வைத்திருப்பது வழக்கம். அன்று கணக்காயர் ஒருவர் மாற்றிக் கொடுத்த உறைக்குள் சிறந்த நடிகைக்குரிய அட்டை இருந்தது. பீட்டி அதனைப் பார்த்தார், உறைக்குள் மறுபடியும் நோக்கினார், தயங்கினார். பார்வையாளர் அதனையும் நடிப்பென்றே எண்ணினர். டனவே அட்டையிற் கண்ட 'லா லா லாண்ட்' என்னும் பெயரைப் படித்துவிட்டார். அப்படத்தின் குழுவினர் மேடையேறி நன்றியுரை நிகழ்த்திக்கொண்டிருக்கும்போதே உண்மை வெளிப்பட்டது. தயாரிப்பாளருள் ஒருவரான ஜோர்டன் ஹோரோவிட்ஸ் ஒலிபெருக்கியின் முன் வந்து, வென்றது 'மூன்லைட்' என்று கூறிச் சரியான அட்டையை உயர்த்திக் காட்டினார். பிழை நேர்ந்து திருந்திய காலம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். கையிற் பெற்ற சிலையைத் தாமே மற்றவர்க்குக் கொடுத்த அப்பண்பு, அவ்விழாவின் அழகிய காட்சிகளுள் ஒன்று.

உறைக்கு மட்டுமன்றிச் சிலைக்கும் சோதனை வந்ததுண்டு. 2000ஆம் ஆண்டில் வாக்குச்சீட்டுகள் ஆயிரக்கணக்கில் அஞ்சலில் வழிதவறின. அச்செய்தி அடங்குமுன் 55 சிலைகள் களவு போயின. அவற்றுள் 52 சிலைகளைக் குப்பைத்தொட்டியின் அருகே கண்டெடுத்தவர், பழம்பொருள் பொறுக்கி வாழ்ந்த ஓர் எளிய மனிதர். பெருநடிகர் பலர் வாழ்நாள் முழுதும் ஏங்கி ஒன்றும் பெறாதிருக்க, ஒரே இரவில் 52 ஆஸ்கார்களைக் கையிலெடுத்த பேறு அவருக்கே வாய்த்தது. அச்சிலையின் சந்தை மதிப்பை அறிய விரும்புவோர்க்கு மற்றொரு செய்தி: பரிசு பெற்றவர் அதனை விற்க நினைத்தால் முதலிற் கழகத்துக்கே விற்க முன்வரவேண்டும், விலை 1 டாலர்.

காலமும் பேச்சும்

15 நிமிடத்தில் முடிந்த விழா, 2002ஆம் ஆண்டில் 4 மணி 23 நிமிடம் நீண்டது. 1953ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதிலிருந்து கடிகாரமே விழாவின் உண்மைத் தலைவராயிற்று. ஆயினும் கடிகாரத்தையும் ஒருமுறை ஏமாற்றியதுண்டு. 1959ஆம் ஆண்டில் விழா 20 நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. எஞ்சிய நேரத்தை நிரப்பும் பொறுப்பு நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிசின் தலையில் விழுந்தது. மேடையில் இருந்த நடிகர் நடிகையர் இணையிணையாக நடனமாடினர். லூயிஸ் இசைக்குழுவை நடத்துவதுபோல் கோலெடுத்து ஆட்டினார். பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் வாராதபோது மேடையேறும் துணைத் தலைமையாசிரியரின் நிலை அது.

பேச்சு நீண்டவர்களுள் முதலிடம் கிரீர் கார்சனுக்கு உரியது. 1943ஆம் ஆண்டில் 'மிசஸ் மினிவர்' படத்திற்காகப் பரிசு பெற்ற அவர், நள்ளிரவு கடந்த பொழுதில் ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் பேசினார். பிற்காலத்தார் வாயில் அஃது அரைமணியாகவும் ஒருமணியாகவும் வளர்ந்தது. பேச்சைவிடப் பேச்சைப் பற்றிய பேச்சே நீண்டது. இன்று நன்றியுரைக்கு அளிக்கப்படும் நேரம் 45 நொடி. மீறினால் இசைக்குழு முழங்கும். மறுகோடியில் நிற்பவர் ஆல்பிரட் ஹிட்ச்காக். இயக்குநருக்கான போட்டியில் ஐந்துமுறை பெயர் இடம்பெற்றும் ஒருமுறையும் வெல்லாத அவர்க்கு, 1968ஆம் ஆண்டில் இர்விங் தால்பெர்க் நினைவுப் பரிசு அளிக்கப்பட்டது. மேடைக்கு வந்தார், நன்றி என்னும் பொருள்பட ஓரிரு சொற்கள் கூறினார், திரும்பினார். காலங்கடந்து வந்த பரிசுக்கு அதனினும் கூரிய விமரிசனம் எழுதுதல் அரிது.

கேதரின் ஹெப்பர்ன் நான்குமுறை சிறந்த நடிகையாக வென்றார். நான்குமுறையும் பெற்றுக்கொள்ள வரவில்லை. 1974ஆம் ஆண்டு ஒரேயொருமுறை வந்தார். அதுவும் வேறொருவர்க்குப் பரிசளிப்பதற்காக. அவ்விழாவில்தான் டேவிட் நிவன் பேசிக்கொண்டிருக்கையில் ஆடையில்லா மனிதர் ஒருவர் மேடையின் குறுக்கே ஓடினார். நிவன் சிறிதும் கலங்காமல், தம்முடைய குறைபாட்டை ஊரறியக் காட்டித்தான் அம்மனிதரால் சிரிப்பைப் பெற முடிந்தது என்னும் கருத்துப்படக் கூறி அவையைச் சிரிக்கவைத்தார். இவையெல்லாம் பார்வையாளர் கண்டு களிக்கும் காட்சிகள். இவற்றில் எவர்க்கும் பெருந்தீங்கில்லை. தீங்கு நேர்ந்த இடங்களில் சிரிப்பொலி எழவில்லை.

இல்லாதவர் பெற்ற பரிசு

1957ஆம் ஆண்டு விழாவில், 'பிரேவ் ஒன்' என்னும் படத்தின் கதைக்காக ராபர்ட் ரிச் என்பவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அவர் வரவில்லை. அவர் மனைவிக்கு மகப்பேறு. ஆகையால் மருத்துவமனையில் இருக்கிறார் என்று கூறி, எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் வேறொருவர் சிலையைப் பெற்றுக்கொண்டார். பின்னர்த் தேடிப் பார்க்கையில் மருத்துவமனையில் அவர் இல்லை. சங்கத்தின் பட்டியலிலும் இல்லை. அப்பெயரில் அக்கதையை எழுதியவர் எவருமே இல்லை. எழுதியவர் டால்டன் டிரம்போ. 1947ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவுக்கு விடையளிக்க மறுத்துச் சிறை சென்ற பதின்மருள் அவர் ஒருவர். அவர்தம் பெயரைத் தாங்கிய கதையை எந்தப் பட நிறுவனமும் வாங்கத் துணியவில்லை. ஆகவே அவர் பிறர் பெயரில் எழுதி வாழ்ந்தார். விசாரணைக்கு உட்பட மறுத்தோர் பரிசுக்குத் தகுதியற்றவர் என்று கழகமே அவ்வாண்டில் விதி செய்தது. 1959இல் அவ்விதி நீக்கப்பட்டது. டிரம்போ தம் சிலையைக் கையில் வாங்கியது 1975ஆம் ஆண்டில். மறு ஆண்டு அவர் மறைந்தார். 'ரோமன் ஹாலிடே' படத்தின் கதைக்காக 1954ஆம் ஆண்டில் நண்பர் பெயருக்குச் சென்ற பரிசு, 1993ஆம் ஆண்டில் டிரம்போவின் மனைவியிடம் சேர்ந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இந்நாட்டுத் தமிழர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1958ஆம் ஆண்டு விழாவில் 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்னும் படம் ஏழு பரிசுகளை வென்றது. திரைக்கதைக்கான பரிசு பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர்க்கு வழங்கப்பட்டது. போருக்கு முன் மலாயாவில் இரப்பர்த் தோட்டத்திற் பணியாற்றிய அவரே மூலநாவலைப் பிரெஞ்சு மொழியில் எழுதியவர். ஆங்கிலத் திரைக்கதையை எழுதியவர் அவரல்லர். கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் என்னும் இருவரே அதனை ஆக்கினர். விலக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தமையால் அவர்தம் பெயர் திரையில் இடம்பெறவில்லை. 1984ஆம் ஆண்டில் கழகம் பிழையை உணர்ந்து பரிசை அவர்களுக்கு உரியதாக்கியது. அதனைப் பெற இருவரும் உயிரோடில்லை.

இங்கேயும் கதை முடியவில்லை. அப்படம் சயாம்-பர்மா இரயில் பாதையைக் களமாகக் கொண்டது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை சப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் அதில் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர், பர்மியர், சாவகர், மலாயர், சீனர் ஆகிய ஆசியத் தொழிலாளருள் மாண்டோரின் தொகை அதனினும் பன்மடங்கு. கணக்கு வைத்தார் இலராதலால் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன; பல பத்தாயிரம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. திரைக்கதையில் ஆங்கிலப் படையினரே பாலம் கட்டுகின்றனர். அவர்தம் மானமும் பிடிவாதமுமே கதை. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் காட்டோரம் மாண்ட தோட்டத்து மக்களுக்கு அதில் இடமில்லை. எழுதியவர் பெயர் திரையிலிருந்து மறைக்கப்பட்டது. கட்டியவர் பலரின் பெயர் கதையிலிருந்தே மறைந்தது. முன்னதைத் திருத்தக் கழகத்துக்கு 26 ஆண்டுகள் ஆயின. பின்னதைத் திருத்த எந்த உறையையும் பிரிக்க இயலாது. அது வரலாறு எழுதுவோர் கையிலும் வகுப்பறையிலும் உள்ள பணி.

தனி மேசையும் நெடிய கைதட்டலும்

முடிவுகள் முன்கூட்டி வெளியான அதே 1940ஆம் ஆண்டு விழாவில், 'கான் வித் த விண்ட்' படத்தில் நடித்த ஹேட்டி மெக்டேனியல் சிறந்த துணை நடிகையானார். ஆஸ்கார் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. விழா நடந்த விடுதி கறுப்பினத்தாரை உள்ளே விடுவதில்லை. தயாரிப்பாளர் தனியே வேண்டிக்கொண்டபின்னரே அவர்க்கு நுழைவு கிடைத்தது. உடன் நடித்தோர் ஒரு மேசையில் அமர, அவர் சுவரோரத் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். பெயர் படிக்கப்பட்டதும் அத்தனை மேசைகளையும் கடந்து நடந்து வந்து, தம் இனத்துக்கும் திரைத்தொழிலுக்கும் பெருமை சேர்ப்பேன் என நம்புவதாகக் கூறி விடைபெற்றார். அன்று உறையில் பிழையில்லை, பெயரில் பிழையில்லை, எல்லாம் முறைப்படியே நடந்தன. பிழை மேசையில் இருந்தது. முன்னணி நடிகைக்கான பரிசைக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் பெற மேலும் 62 ஆண்டுகள் ஆயின. 2002ஆம் ஆண்டில் ஹாலி பெரி அதனைப் பெற்றபோது அழுத அழுகை ஒருவருடைய அழுகையன்று.

சார்லி சாப்ளினின் கதையும் இத்தகையதே. முதல் விழாவில் சிறப்புப் பரிசு பெற்ற அவர், 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, மீண்டும் அமெரிக்காவில் நுழையும் உரிமையை அரசு பறித்தது. 20 ஆண்டுகள் கழித்து, 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், 82 வயதில் சிறப்புப் பரிசு பெற மேடையில் வந்து நின்றார். அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். 12 நிமிடம் தட்டினர் என்பர். உலகை ஊமையாக நின்று சிரிக்கவைத்தவர் அன்று சொல்லின்றி நின்றார். மறு ஆண்டு, அவர் 1952இல் எடுத்த 'லைம்லைட்' படத்தின் இசைக்குப் பரிசு கிடைத்தது. அப்படம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அதுவரை முறையாகத் திரையிடப்படாமையால் விதிப்படி அது 'புதிய' படமாயிற்று. 20 ஆண்டுப் பழமையைப் புதுமையென்று பரிசளித்த விழாவைக் கண்டு சிரிக்கலாம். அப்பழமைக்குக் காரணம் யாது என்று எண்ணினால் சிரிப்பு நின்றுவிடும்.

அதே 1973ஆம் ஆண்டு விழாவில் மார்லன் பிராண்டோ தம் பரிசை மறுத்தார். திரைப்படங்களில் அமெரிக்கப் பழங்குடியினர் இழிவாகக் காட்டப்படுவதைச் சுட்டிக்காட்டுமாறு சச்சீன் லிட்டில்பெதர் என்னும் பெண்ணைத் தம் சார்பில் அனுப்பினார். அவையில் ஒரு சாரார் கைதட்டினர். ஒரு சாரார் இகழ்ந்து கூச்சலிட்டனர். அப்பெண்ணின் குலவழி பற்றிப் பின்னர் ஐயங்கள் எழுப்பப்பட்டன. ஆனால் அன்று அவர் கூறிய குறை பொய்யன்று. அவையோரின் கூச்சலும் பொய்யன்று. கழகம் அவரிடம் மன்னிப்புக் கோரியது 2022ஆம் ஆண்டில். இடைப்பட்டவை 49 ஆண்டுகள்.

கீழைத்திசை நோக்கிய ஒளி

கீழைநாட்டார்க்குப் பரிசில் நீட்டித்த வரலாறும் உண்டு. 1955இல் 'பதேர் பாஞ்சாலி' தந்த சத்யஜித் ராய்க்குச் சிறப்புப் பரிசு 1992ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அவர் கல்கத்தா மருத்துவமனையிற் படுக்கையில் இருந்தவாறே சிலையை ஏந்திப் பேசிய காட்சி அரங்கத்தில் காட்டப்பட்டது. ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார். பரிசு 24 நாள் முந்திக்கொண்டது.

2009ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் இசைக்காக இரண்டு சிலைகளைப் பெற்ற ஏ.ஆர். ரகுமான், 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழிற் கூறினார். மூன்று சொற்கள், 45 நொடியில் அவற்றுக்குத் தேவைப்பட்டவை ஓரிரு நொடிகளே. எனினும் உலக மேடையில் தாய்மொழி கேட்டவர்க்கு அது நெடும்பொழுதாக நிலைத்தது.

2023ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் விழா மலேசியர்க்கும் தமிழர்க்கும் ஒருசேர நெருங்கியது. பேராக் மாநிலத்தின் ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ சிறந்த நடிகையானார். ஆசியராகத் தம்மை அறிவித்துக்கொண்ட பெண்மணி ஒருவர் அப்பரிசை வெல்ல 95 விழாக்கள் ஆயின. 1936ஆம் ஆண்டிலேயே அப்போட்டியில் இடம்பெற்ற மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர். ஆனால் தம் ஆசியக் குருதியை வெளியிற் கூறினால் வாழ்வு போய்விடும் என்றஞ்சி இறுதிவரை மறைத்தே வாழ்ந்தார். ஒருவர் மறைத்ததை மற்றொருவர் உரக்கக் கூற 87 ஆண்டுகள் இடைவெளி. கோலாலம்பூரில் உற்றார் உறவினரோடு அமர்ந்து அக்காட்சியைக் கண்ட இயோவின் தாயாரே அன்றைய பார்வையாளருள் தலையாயவர்.

அதே விழாவில், முதுமலைக் காட்டில் தாயிழந்த யானைக்கன்றுகளை வளர்த்த காட்டுநாயக்கர் இணையரைப் பற்றிய 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' சிறந்த குறும் ஆவணப்படமாயிற்று. அதில் ஒலித்த மொழி தமிழ். இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் தம் உரையை முடித்தார். தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாய்திறக்கும்போது இசைக்குழு முழங்கிவிட்டது. யானையின் மொழி கேட்க இயன்ற விழாவுக்கு, அதனை எடுத்த பெண்ணின் மொழி கேட்க நேரமில்லை.

நீட்டித்த பரிசும் நீளும் நினைவும்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். மேடையில் நேர்ந்த பிழை இரண்டரை நிமிடத்தில் திருந்திற்று. மேடைக்குப் பின்னே நேர்ந்த பிழைகளுக்கு 18, 20, 26, 39, 49 என ஆண்டுகள் எண்ணப்பட்டன. முன்னது உறை மாறியதால் நேர்ந்தது, எல்லாரும் கண்டனர், ஆகவே உடனே திருந்தியது. பின்னவை உள்ளம் மாறாததால் நேர்ந்தவை. அவை விதிப்படியும் முறைப்படியும் நிகழ்ந்தன. ஆகவே எவரும் பிழையென்று கூவவில்லை.

பார்வையாளர் சிரிப்பதை நிறுத்தவேண்டியதில்லை. சிரிப்பு அவர் உரிமை. பெருமிதத்தோடு நடப்போர் இடறும்போது சிரிப்பது மாந்தர் இயல்பு. ஆயினும் விழா முடிந்து திரை இருண்டபின், மேடைக்கு அழைக்கப்படாதோர் யாவர், அழைத்தும் வேறு மேசையில் அமர்த்தப்பட்டோர் யாவர், பிறர் பெயரில் வென்றோர் யாவர் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பின் அச்சிரிப்புக்கு அறிவும் துணையாகும்.

பரிசில் நீட்டித்த அதியமானின் பெயர் இன்றும் வாழ்கிறது. அவன் கொடுத்ததனால் மட்டுமன்று. அவன் காலங்கடத்தியதையும் ஔவையார் மறையாமற் பாடிவைத்தமையால், அவன் கொடையைப் பற்றி அவர் பாடிய பிற பாட்டுகளையும் நாம் ஐயமின்றி நம்புகிறோம். புகழும் குறையும் ஒரே ஏட்டில் எழுதப்படும்போதுதான் அது வரலாறாகிறது. ஆஸ்கார் விழாவுக்கும், குவாய் ஆற்றங்கரைக்கும் இந்நீதி பொதுவானது.